சோஷல் வேர்க்கர் வீட்டுக்கு வருகிறார்: எப்படி ஆயத்தம் செய்வது?

கேள்வி: எனது மகனுக்கு 9 வயது. ஓட்டிசமும் கடுமையான கற்றல் குறைபாடும் உண்டு, கதைக்கமாட்டான். விசேட பாடசாலைக்குப் போகிறான். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்புவான். கதவு திறந்திருந்தால் றோட்டுக்கு ஓடிவிடுவான். கணவருக்கு இரவு வேலை. 12 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். பாடசாலையில் சொன்னதால் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தோம். இன்னும் மூன்று கிழமையில் சோஷல் வேர்க்கர் வீட்டுக்கு வருகிறாராம். சொந்தக்காரர்களோ, "ஏன் அவங்களைக் கூப்பிட்டனீங்கள்? பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்கள்" என்கிறார்கள். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது? ஆங்கிலம் ஓரளவு விளங்கும். கதைக்கத் தயக்கமாக இருக்கிறது.
ஒரு தாய், மேற்கு லண்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். அதை மனதில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் இருந்தால் பாதி விஷயத்தை விழுங்கிவிடுவீர்கள். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இயலாமை உள்ள ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பிரிவின்படி 'தேவையுள்ள பிள்ளை'. பெற்றோர் என்ன பிழை விட்டார்கள் என்ற கேள்வியே அங்கு எழாது. நீங்கள் உதவி கேட்டு விண்ணப்பித்ததால் உங்கள் வீட்டுக்கு வருவது, இந்தப் பிரிவின்படி மகனின் தேவைகளை மதிப்பிடுவதற்காகத்தான். இது உங்கள் சம்மதத்தோடு நடப்பது. பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் தொடங்கும் விசாரணை வேறு. அது 47ஆம் பிரிவு. அந்த விசாரணையில்கூட, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையைக் கொண்டுபோகும் அதிகாரம் சோஷல் வேர்க்கருக்குத் தனியாக இல்லை. நீதிமன்றக் கட்டளை வேண்டும், அல்லது உடனடி ஆபத்தில் பொலிஸ் தலையிட வேண்டும். இன்னும் சந்தேகம் இருந்தால் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: "இது செக்ஷன் 17 அசெஸ்மென்டா?" இதற்கு அவர்கள் நேரடியாகப் பதில் தரவேண்டும்.

ஆகவே எதை மறைப்பது என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். எங்கள் குடும்பங்களுக்கு உதவி கிடைக்காமல் போவதற்குக் காரணம் சொல்லக்கூடாததைச் சொன்னது அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதுதான். வந்தவர் "எப்படிப் போகுது?" என்று கேட்பார். நாங்கள் மரியாதைக்கு "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்போம். அது அறிக்கையில் "பெற்றோர் நன்றாகச் சமாளிக்கிறார்கள்" என்று ஏறும். உங்களுக்கு எத்தனை மணித்தியால உதவி என்று முடிவெடுக்கும் பேனலில் இருப்பவர்கள் உங்கள் மகனைப் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது அந்தக் கடதாசியை மட்டும்தான். அதில் அந்த வரி இருந்தால் கோப்பை மூட அது போதும்.

இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குங்கள். 14 நாள் எழுதினால் போதும். ஒரு கிழமை மட்டும் எழுதினால், "அது வழமைக்கு மாறான கிழமையாக இருக்கலாம்" என்று தள்ளிவிட இடமுண்டு. "இரவில் நித்திரை கொள்ளமாட்டான்" என்பது கருத்து. அதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "செவ்வாய் இரவு 1.40, எழும்பித் தலையைச் சுவரில் அடித்தான். 55 நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். 2.35க்குப் படுத்தான். 4.50, பம்பர்ஸ் கசிந்து படுக்கை முழுக்க நனைந்தது. கழுவி, உடுப்பும் விரிப்பும் மாற்ற 25 நிமிடம். அதன்பிறகு படுக்கவில்லை." நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, அந்த நேரம் மகள் எங்கே இருந்தாள் என்ற ஐந்தும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம். கடைசியில் கூட்டிப் பார்த்து ஒரு பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் ஆக்குவியுங்கள்: 14 இரவில் எத்தனை இரவு எழும்பினான், மொத்தம் எத்தனை மணித்தியாலம், தொடர்ச்சியாக நீங்கள் நித்திரை கொண்ட ஆகக் கூடிய நேரம் எவ்வளவு. கொப்பியைக் கையில் வைத்திருங்கள். அந்த ஒரு பக்கத்தைக் கொடுங்கள்.

பகல் வேலையை எழுதும்போது எங்கள் வீட்டு அம்மாமாருக்கு ஒரு சிக்கல் வரும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சோறு தீத்துவதும் குளிப்பாட்டி உடுப்புப் போட்டுவிடுவதும் எங்களுக்குப் புதினமில்லை. அதனால் அதெல்லாம் வேலை என்றே உங்களுக்குத் தோன்றாது, எழுதாமல் விட்டுவிடுவீர்கள். சோஷல் வேர்க்கர் ஒப்பிடுவது அதே வயதுடைய, இயலாமை இல்லாத பிள்ளையோடு. மகள் ஒன்பது வயதில் தானாகச் செய்ததை நினைத்துப் பாருங்கள். தானே பல் விளக்கினாள், கழிப்பறைக்குப் போய்த் தானே கழுவினாள், பக்கத்து அறையில் அரை மணித்தியாலம் தனியாக விளையாடினாள். இவற்றில் எதை மகன் செய்ய இயலாதோ அது ஒவ்வொன்றும் 'தேவை'. தீத்த 40 நிமிடம், குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள்.

பாடசாலை பார்த்துக்கொள்கிறதுதானே என்று கேட்பார்கள். அதற்கும் கணக்கை ஆயத்தமாக வைத்திருங்கள். கிழமைக்கு 168 மணித்தியாலம். பாடசாலையில் அவன் இருப்பது ஏறக்குறைய முப்பத்திரண்டரை மணித்தியாலம். போக்குவரத்தைச் சேர்த்தாலும் கொஞ்சம்தான் கூடும். பாடசாலை நடப்பதோ வருடத்தில் 190 நாள். மிச்சம் 175 நாளும் முழுக்க முழுக்க வீட்டில். கோடை விடுமுறை ஆறு கிழமை. போன ஆகஸ்ட் எப்படிப் போனது, எத்தனை தடவை வெளியே கூட்டிப்போக முடிந்தது, ஏன் முடியவில்லை என்று தனியாக அரைப் பக்கம் எழுதுங்கள். விடுமுறையைத் தனியாகச் சொல்லாவிட்டால் பாடசாலை நாட்களின் கணக்கை வைத்தே முழு வருடத்தையும் அளந்துவிடுவார்கள்.

இனி, எழுதியதை எப்படிச் சொல்வது. உதவியின் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். "கேரர் ஒருவர் தாங்கோ" என்றால் "அது இல்லை" என்ற ஒரே பதிலில் கதை முடிந்துவிடும். தேவை, இப்போது யார் செய்கிறார், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். உதாரணமாக: "அவனுக்கு வாகனத்தின் ஆபத்து விளங்காது. போன மாதம் இரண்டு முறை றோட்டுக்கு ஓடினான். வெளியே போக இரண்டு பெரியவர்கள் வேண்டும். கணவர் பகலில் நித்திரை, நான் தனி. அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக்குள்தான். மகளின் நீச்சல் வகுப்பும் நின்றுவிட்டது." இப்படிச் சொன்னால் 'சனிக்கிழமை சில மணித்தியாலம் ஒருவர் வந்து அவனை வெளியே கூட்டிப்போக வேண்டும்' என்பது கேட்பவருக்கே விளங்கும். அவர் அதை எழுதினால் அது அவருடைய பரிந்துரை. நீங்கள் கேட்டதைவிட அதற்கு எடை கூட.

"வேறு உதவி இருக்கிறதா?" என்பது சும்மா கேட்கும் கேள்விபோல இருக்கும், ஆனால் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது அதுதான். "ஓம், அம்மம்மா இருக்கிறா" என்றால் போதும், குடும்ப ஆதரவு உண்டு என்று பதிவாகிவிடும். அவருக்கு 70 வயது, முழங்கால் வருத்தம், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க இயலாது, விசிட் விசாவில் வந்திருக்கிறார், இத்தனையாம் தேதி யாழ்ப்பாணம் திரும்புகிறார் என்றால் அதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். கோயில் தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் இதே விதி. அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடியவர் உண்டா என்பதுதான் கேள்வி.

அன்றைக்கு வீட்டைப் பளபளவென்று துடைத்து, பலகாரம் செய்து, மகனுக்குப் படம் பார்க்க டப்லெட் கணினியைக் கொடுத்து அமைதியாக இருத்திவைக்கத் தோன்றும். வேண்டாம். வருபவர் பார்க்கும் ஒரு மணித்தியாலம் அவன் அசையாமல் இருந்தான் என்றால் அதுதான் அறிக்கையில் வரும். சுவரில் அடித்து உடைந்த பிளாஸ்டர், உயரத்தில் போட்ட கொளுக்கி, பூட்டிய அடுப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும், கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். டப்லெட் கொடுத்தேயாக வேண்டும் என்றால், "இது இல்லாவிட்டால் நான் உங்களோடு கதைக்க இயலாது" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பூட்டுகளைப் பற்றி ஒரு சொல். முன்கதவில் மேலே போட்ட கொளுக்கியில் பிரச்சினை வராது. இரவில் அவனுடைய அறையை வெளியிலிருந்து பூட்டுகிறீர்கள் என்றால் அது பாரமான விஷயம். தீப்பிடித்தால் ஆபத்து, பிள்ளையை அடைத்துவைப்பதாகவும் பார்க்கப்படும். ஆனாலும் நீங்களே சொல்லுங்கள். ஏன் பூட்டினீர்கள், எத்தனை முறை ஓடினான் என்று சொல்லி, பூட்டாமல் அவனைக் காக்க என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வேண்டியது ஒக்கியுபேஷனல் தெரப்பிஸ்டின் (அன்றாடத் தேவைக்கு ஏற்ப வீட்டை மாற்ற ஆலோசனை தருபவர்) மதிப்பீடு. அவருடைய பரிந்துரையோடு டிசேபில்ட் பசிலிட்டீஸ் கிராண்ட் என்ற, வீட்டு மாற்றங்களுக்கான மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் அதன் உச்சம் 30,000 பவுண்ஸ். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கென்றால் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படாது. வாடகை வீட்டுக்கும் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு கிடைக்கும். முழு விண்ணப்பம் கொடுத்து 6 மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும்.

காயங்களும் அப்படித்தான். தன்னைத்தானே கடித்தோ, அடித்தோ கண்டல் வந்தால் அன்றே தேதியோடு படம் எடுத்து, காலையில் பாடசாலைத் தொடர்புக் கொப்பியில் எழுதிவிடுங்கள். நான் முன்னே சொன்ன அந்த வேறு விசாரணை, காரணம் தெரியாத காயத்தால் தொடங்கக்கூடும். நீங்களே முந்திச் சொல்லிப் பதிவில் இருக்கும் காயத்துக்கு விளக்கம் ஏற்கெனவே இருக்கும். நித்திரையில்லாத ஓர் இரவில் பொறுமை இழந்து கத்தினீர்கள் என்றால் அதையும் சொல்லத் தயங்காதீர்கள். களைப்பின் அளவைக் காட்டும் உண்மை அது. "இதற்கு மேல் இயலாது" என்று ஒரு தாய் சொல்வதை உதவி கேட்பதாகவே நல்ல சோஷல் வேர்க்கர் எடுத்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பாளரை இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். இலங்கைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள். கட்டணம் உங்களுக்கு இல்லை. ஆங்கிலம் ஓரளவு விளங்கும் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அன்றாடம் கதைக்கிற ஆங்கிலம் வேறு, களைத்த நேரத்தில் மகனின் கழிப்பறைப் பழக்கத்தை விளக்குகிற ஆங்கிலம் வேறு. எங்கள் சமூகம் சிறியது. வருகிறவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற தயக்கம் இருந்தால் வேறு பகுதியிலிருந்து ஒருவரைக் கேட்கலாம். கேட்டதை வெளியே சொல்லாதிருக்க அவர் கட்டுப்பட்டவர். எந்தக் காரணத்துக்காகவும் மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியைப் பற்றி அம்மா சொல்லும் கஷ்டத்தை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லக்கூடாது. சொன்னாலும் மென்மையாக்கித்தான் சொல்வாள்.

மகளுக்கும் இந்தக் கூட்டத்தில் இடமுண்டு. தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், கதவைக் காவல் காக்கிறாள், இரவில் எழும்புகிறாள் என்றால் சட்டப்படி அவள் இளம் பராமரிப்பாளர். 'யங் கேரர்ஸ் நீட்ஸ் அசெஸ்மென்ட்' என்று தனியாகக் கேட்கலாம்.

உங்களுக்கும் ஒன்று இருக்கிறது, அநேகமாக யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்: 'பேரன்ட் கேரர் நீட்ஸ் அசெஸ்மென்ட்'. 2014ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் குடும்பங்கள் சட்டம் கொண்டுவந்த உரிமை இது. நீங்கள் கேட்டால் கவுன்சில் செய்தேயாக வேண்டும். உங்கள் உடல்நலம், நித்திரை, வேலைக்கோ படிப்புக்கோ போக விருப்பம், இப்போது செய்கிற அளவு பராமரிப்பை நீங்கள் தொடர்ந்து செய்வது பொருத்தமா என்பதெல்லாம் அதில் பார்க்கப்பட வேண்டும். மகனின் மதிப்பீட்டோடு சேர்த்தும் செய்யலாம், ஆனால் சேர்த்துச் செய்ததாகச் சொல்லி உங்கள் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கமாக நடப்பது. அறிக்கை வந்ததும் அந்தப் பகுதி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நாரி நோ, மன அழுத்தம் போன்றவற்றுக்கு ஜீபீயிடம் (குடும்ப வைத்தியரிடம்) போயிருந்தால் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். ஜீபீயிடம் போகாமல் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கிழமையே போங்கள்.

மகனுக்குக் கேட்கும்போது சொல்ல வேண்டிய சட்டம், 1970ஆம் ஆண்டின் குரோனிக்கலி சிக் அன்ட் டிசேபில்ட் பெர்சன்ஸ் அக்ட், 2ஆம் பிரிவு. வீட்டுக்குள் நேரடி உதவி, பொழுதுபோக்கு, வீட்டு மாற்றங்கள், விடுமுறை எல்லாம் அதற்குள் வரும். ஒரு தேவைக்கு இந்தச் சட்டத்தின்படி உதவி அவசியம் என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டபின், காசு இல்லை என்று சொல்லி மறுக்க முடியாது. 17ஆம் பிரிவின் பொதுவான கடமை இதைப்போல இறுக்கமானதல்ல. ஆகவே "1970 சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி அவனுக்கு என்ன தேவை என்று மதிப்பிட்டீர்களா?" என்று கூட்டத்தில் ஒரு தடவை கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு இ.எச்.சி. பிளான் (கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றுக்கும் கவுன்சில் எழுதும் திட்டம்) இருந்தால், இந்த உதவி அதன் 'எச் 1' பகுதியில் எழுதப்பட வேண்டும். விசேட பாடசாலையில் இருப்பதால் பெரும்பாலும் இருக்கும். எடுத்துப் பாருங்கள், சமூகப் பராமரிப்புப் பகுதியில் ஒன்றுமில்லை என்று எழுதி வெறுமையாக விட்டிருப்பார்கள்.

உதவி இரண்டு விதமாக வரலாம். கவுன்சிலே கிளப், கேரர், ஓர் இரவு தங்கல் என்று ஒழுங்கு செய்யும். அல்லது டிரெக்ட் பேமென்ட் என்று காசாகத் தரும். காசாக வாங்கினால் தமிழ் தெரிந்த, மகன் பழகக்கூடிய ஒருவரை நீங்களே வைக்கலாம். ஆனால் தனி வங்கிக் கணக்கு, சம்பளப் பதிவு, முதலாளிக்குரிய பொறுப்புகள் எல்லாம் உங்கள் தலையில். ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்குச் சாதாரணமாக அந்தக் காசைக் கொடுக்க முடியாது. மணித்தியாலத்துக்குத் தருகிற தொகையில் உங்கள் பகுதியில் ஆள் கிடைக்குமா என்று கையொப்பம் வைக்குமுன் விசாரியுங்கள். கிடைக்காமல், செலவழியாத காசை வருட முடிவில் திருப்பிக்கொடுத்த குடும்பங்கள் நிறைய. உங்கள் கவுன்சில் 'ஷோர்ட் பிரேக்ஸ்' (பராமரிக்கும் பெற்றோருக்கு ஓய்வு தரும் குறுகிய கால உதவி) அறிக்கை ஒன்றைத் தன் இணையத்தளத்தில் போட்டிருக்கவேண்டும், இது சட்டம். அதில் என்னென்ன இருக்கிறது என்று முதல் நாளே வாசியுங்கள்.

அன்றைக்குக் கையில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை: ஒரு பக்கச் சுருக்கம், கொப்பி, நோய் நிர்ணயக் கடிதம், இ.எச்.சி. பிளான், டி.எல்.ஏ. (இயலாமைக்கான அரச கொடுப்பனவு) கடிதம், பாடசாலையிலிருந்து அவனுடைய நடத்தை பற்றி ஒரு கடிதம். பாடசாலையில் அவனுக்கு எத்தனை பெரியவர்கள் தேவைப்படுகிறார்கள் என்பது அந்தக் கடிதத்தில் வந்தால் மிக உதவி. அங்கே பயிற்சி பெற்ற இரண்டு பேர் செய்வதை வீட்டில் நீங்கள் தனியாகச் செய்கிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. எல்லாவற்றுக்கும் பிரதி கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். கணவர் வேலையால் வந்து நித்திரை கொள்ளாமல் இருக்க முடியுமென்றால் அவரும் இருக்கட்டும். அல்லது கவுன்சில் எல்லைக்குள் இயங்கும் 'சென்டியாஸ்' என்ற இலவச ஆலோசனைச் சேவையிலிருந்து ஒருவர் வரமுடியுமா என்று கேளுங்கள்.

மகனையும் சோஷல் வேர்க்கர் பார்க்க வேண்டும், அவன் விருப்பத்தை அறிய வேண்டும். கதைக்காத பிள்ளைக்கு இது செய்யாமல் விடப்படுகிற பகுதி. அவன் பயன்படுத்தும் படக் கார்டுகள், ஊஞ்சலில் சிரிக்கும் ஒரு வீடியோ, சத்தத்தில் காதைப் பொத்தும் இன்னொன்று ஆகியவற்றைப் போனில் ஆயத்தமாக வைத்திருங்கள்.

கூட்டம் முடிந்து எழும்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அறிக்கை எப்போது முடியும்? பேனலுக்கு எந்தத் தேதியில் போகும்? அதுவரை யாரோடு தொடர்புகொள்வது? விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து மதிப்பீடு முடிய ஆகக் கூடியது 45 வேலை நாள். அடுத்த நாளே, "நேற்று நாங்கள் கதைத்தவை இவை, நீங்கள் செய்வதாகச் சொன்னவை இவை" என்று ஐந்தாறு வரியில் மின்னஞ்சல் போடுங்கள். வாயால் சொன்னது சோஷல் வேர்க்கர் மாறிப்போனால் அவரோடு போய்விடும், மாறிப்போவது அடிக்கடி நடக்கும்.

அறிக்கையின் வரைவு வந்தால் வாசித்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். வயது, மருந்து போன்ற சின்னப் பிழைகளும் முக்கியம், ஆனால் முதலில் தேட வேண்டியது கொப்பியில் இருந்து வராமல் போனதைத்தான். முடிவு "இல்லை" என்று வந்தால், காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். "எங்கள் அளவுகோலுக்குள் நீங்கள் வரவில்லை" என்பது முழுக் காரணம் ஆகாது; எந்தத் தேவை எப்படிப் பூர்த்தியாகிறது என்று சொல்ல வேண்டும். அதன்பின் முறைப்பாடு செய்யலாம். சிறுவர் சேவைகளுக்கான முறைப்பாட்டில் முதல் கட்டப் பதில் 10 வேலை நாளில், சிக்கலானதென்றால் 20 வேலை நாளில் வர வேண்டும். திருப்தியில்லை என்றால் சுயாதீன விசாரணையான இரண்டாம் கட்டம், பிறகு மீளாய்வுக் குழு, கடைசியில் ஒம்புட்ஸ்மன் என்ற சுயாதீன முறைப்பாட்டு அதிகாரி. முறைப்பாடு செய்ய ஒரு வருட அவகாசம் உண்டு. நீதிமன்றத்தில் முடிவை எதிர்ப்பதற்கோ காலம் மிகக் குறைவு, தாமதமின்றியும் எப்படியும் 3 மாதத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். அதனால் மறுப்புக் கடிதம் வந்த கிழமையே, இயலாமை உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கான 'கொன்டாக்ட்' அமைப்பின் இலவச உதவித் தொலைபேசிக்கு அழைத்துக் கேளுங்கள். 'செரிப்ரா' அமைப்பின் கையேடுகளும் மாதிரிக் கடிதங்களும் இணையத்தில் இலவசம்.

இதை வாசிக்கும் வேறு பெற்றோருக்கு ஒன்று: அரச நிதி பெற அனுமதியில்லாத விசாவில் இருப்பவர்கள் டி.எல்.ஏ. போன்ற கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கக்கூடாது. ஆனால் 17ஆம் பிரிவின் உதவி அந்தத் தடைக்குள் வருவதில்லை. பிள்ளைக்கு மதிப்பீடு கேட்கப் பயப்படத் தேவையில்லை.

சகோதரி, உங்களுக்கு மூன்று கிழமை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் பேரன்ட் கேரர் மதிப்பீட்டுக்கும் மின்னஞ்சலை இன்றைக்கே போடுங்கள். பாடசாலைக் கடிதத்தை நாளைக்கு மகனை பஸ்ஸில் ஏற்றும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கு எழுத ஒரு கிழமையாவது வேண்டும். கொப்பியை இன்றிரவு தொடங்கினால் 14 நாள் முடிய இன்னும் ஒரு கிழமை மிஞ்சும், கூட்டிப் பார்த்து அந்த ஒரு பக்கத்தை எழுத அது தாராளம்.